தூசித்தட்டும் இரண்டாவது சாட்சியும்

ஜனவரி 11

அன்புள்ள கோட்டானுக்கு,

உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பத்திரிகையின் அறிவியல் பகுதியை மூடவில்லை. வாரத்துக்கு இரண்டு பக்கமாக இருந்தது ஒரு பக்கமாகிறது. சொன்னவர் ஆசிரியர், நேற்றைய கூட்டத்தில், எல்லோர் முன்னிலையிலும்.

பக்கத்து மேசை உதவி ஆசிரியர் ஒருவருக்குத்தான் இதில் சந்தோஷம். எதைக் கொடுத்தாலும் பாதியாக வெட்டுவதால் அவருக்குப் பெயர் கத்தரி. "இனிமே நான் வெட்டவே வேணாம்க்கா, நிர்வாகமே வெட்டிருச்சு" என்றார். மிச்சமிருக்கும் பக்கத்தை நிரப்பும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. முப்பது வருஷம் நீதிமன்றமும் நகராட்சியும் பார்த்த நிருபருக்கு வானத்தைப் பற்றி என்ன தெரியும்? எனக்கு அங்கே தெரிந்த ஆள் நீ மட்டும்தான். நீ பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நட்சத்திரத்தைப் பற்றி எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

போனில் கேட்கலாமே என்பாய். போனில் நலம் விசாரித்து முடிப்பதற்குள் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. காகிதத்தில் சண்டை போட நேரமாகும், அதற்குள் கோபம் ஆறிவிடும்.

உன் இருமல் விட்டதா? பகலில் ஒழுங்காகத் தூங்குகிறாயா? இங்கே குளிர் குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்ஜன்னல் விளிம்பைத் தேய்த்துக் கழுவினேன். அந்தச் சிவப்புப் பொடிக் கறை போகவே மாட்டேன் என்கிறது.

தெரியாமல் இருப்பது: உன் பணி நீட்டிப்பு. எப்போது தெரியும் என்று எழுது.

உன் அக்கா

•

ஜனவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இருமல் போய்விட்டது. நீயும் அத்தானும் சௌக்கியமா? அந்தச் சிவப்புக் கறை போகாது. பள்ளிக்கூடம் முடித்து உங்கள் வீட்டில் தங்கியிருந்த வருஷம், அத்தான் அந்த ஜன்னலில் உட்கார்ந்துதான் என் முதல் தொலைநோக்கிக்குக் கண்ணாடி தேய்த்துக் கொடுத்தார். அது மெருகு போடும் பொடி. கண்ணாடி இன்னும் என் அறை அலமாரியில் இருக்கிறது. அவரிடம் சொல். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தேய்த்ததில் நிலாவின் பள்ளங்களைப் பார்த்துத்தான் நான் இந்த மலைமேல் வானாய்வகத்துக்கு வந்து சேர்ந்தேன்.

நீட்டிப்பு பற்றி நவம்பரில் குழு முடிவு செய்யும். ஒன்பது வருஷமாக ஒப்பந்தத்திலேயே ஓட்டிவிட்டேன். இந்த முறை கையில் கண்டுபிடிப்பு ஒன்று இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இப்போது நட்சத்திரம். நம் சூரியனைவிட மூன்று மடங்கு சூடானது. அவ்வளவு சூட்டுக்குப் பக்கத்தில் தூசி தங்கக் கூடாது. ஆனால் இதைச் சுற்றித் தட்டு மாதிரி தூசியும் வாயுவும் சுழல்கின்றன. பிறந்து கொஞ்ச காலமே ஆன நட்சத்திரம் என்றால் பிறந்த மேகத்தின் மிச்சம் எனலாம். ஆனால் அக்கம்பக்கத்தில் மேகமே இல்லை. சாகப்போகிற கிழட்டு நட்சத்திரமா என்றால் அந்த அளவுக்குப் பெரிதாகவும் இல்லை. வயது தெரியாது, தூசி எங்கிருந்து வந்தது என்றும் தெரியாது. இப்படிப்பட்டவை வானத்தில் சில டஜன்தான் இருக்கின்றன.

என் எண்ணம், அதற்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு துணை இருக்கிறது. ஒன்றிலிருந்து ஒன்று பொருளை இழுக்கிறது, சிந்தியதெல்லாம் தட்டாகச் சுற்றுகிறது. துணை இருந்தால் நட்சத்திரம் ஒரே இடத்தில் நிற்காது. நம் பக்கம் கொஞ்சம் வரும், பிறகு விலகிப் போகும். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தால் நடுவே கோடுகள் தெரியும், அவை அதற்கேற்ப நகரும். போன செப்டம்பரிலிருந்து புதுக் கருவியில் பார்க்கிறேன். கோடுகள் நகர்கின்றன, அக்கா. இதை வேறு யாரிடமும் இன்னும் சொல்லவில்லை.

அத்தானுக்கு என் அன்பு.

உன் தம்பி

•

பிப்ரவரி 9

அன்புள்ள கோட்டானுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. அந்தக் கோடு நகர்வதைப் பார்த்தவர் இதுவரை ஒரே ஒருவர், அவர் நீ. இப்போதைக்கு உறுதியானது அவ்வளவுதான்.

மூன்று கேள்விகள். அந்தத் துணையை யாராவது நேரில் பார்த்திருக்கிறார்களா? ஒரு சுற்று முடிய எவ்வளவு காலம்? உன் கருவி தவறாகக் காட்டவில்லை என்பதை எப்படித் தெரிந்துகொண்டாய்? கோபித்துக்கொள்ளாதே, திருட்டு வழக்கிலும் இதைத்தான் கேட்பேன்.

இங்கே எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அலுவலகத்தில் மெய்ப்புப் பார்க்கும்போது ஒரு புள்ளியைத் தசமப் புள்ளி என்று நினைத்துத் திருத்தி அனுப்பிவிட்டேன். கத்தரி தாளை எடுத்துக்கொண்டு வந்து, "அது புள்ளி இல்லக்கா, உங்க கண்ணாடில இருக்குற அழுக்கு. கொஞ்சம் தொடைங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

மாலையில் நடந்தே வீட்டுக்கு வருகிறேன். நம் தெருமுனை விளக்கு சரியாகிவிட்டது. அதை முதலில் கவனித்தது நான்தான் என்று நினைக்கிறேன். தெருவில் வேறு யாரும் இல்லை.

கம்பளி போட்டுக்கொள்.

உன் அக்கா

•

மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். காத்திருந்ததற்குப் பலன் கிடைத்தது. விலகிக்கொண்டே போன கோடு இந்த வாரம் நின்று, திரும்பத் தொடங்கியிருக்கிறது. சுற்றினால்தான் அப்படித் திரும்பும்.

உன் கேள்விகளுக்குப் பதில். நேரில் பார்க்க முடியாது, அது அவ்வளவு மங்கல். சுற்றுக்காலம் ஏறத்தாழ பதின்மூன்று மாதம், முன்பின் இருக்கலாம். கருவி புதியது, நல்ல கருவி. போதுமா, வக்கீலம்மா?

தொலைநோக்கியை இயக்குபவரிடம் மட்டும் சொன்னேன். சுவரோடு ஒட்டியே நடப்பதால் அவரைப் பல்லி என்போம். அவர் கேட்டார்: "ஆக, அதுக்கும் ஜோடி கெடைச்சிருச்சு. இந்த மலைலேயே ஜோடி இல்லாம இருக்குறது இனிமே நீங்க மட்டும்தானா?" பல்லியும் தனிக்கட்டைதான். அவர் தன்னைக் கணக்கில் சேர்த்துக்கொள்வதில்லை.

ஒரு உதவி வேண்டும். குழுவில் இருப்பவர்கள் ஆய்வுக் கட்டுரை படிப்பார்களோ என்னவோ, உன் பத்திரிகை படிப்பார்கள். உன் பக்கத்தில் இதை எழுது. நான் கேட்பது சிபாரிசு இல்லை, செய்தி.

அத்தானுக்குக் கழுத்துவலி தேவலையா? அந்த ஜன்னலில் குனிந்து குனிந்து வந்த வலி, எனக்கும் அதில் பங்கு உண்டு. கடையில் இன்னும் எல்லா வேலையும் அவரேதானா?

உன் தம்பி

•

ஏப்ரல் 14

அன்புள்ள கோட்டானுக்கு,

உறுதியானது: உன் செய்தியை நான் இப்போது எழுதப்போவதில்லை. முடிவு செய்தது நான்தான், ஆசிரியர் இல்லை. அவரிடம் கொடுத்தால் நாளைக்கே போட்டுவிடுவார். அதனால்தான் கொடுக்கவில்லை.

எனக்கு இரண்டாவது சாட்சி வேண்டும். உன் மலையில் இருப்பவர் கூடாது. வேறு கருவி, வேறு கண். அக்கா என்பதால் உனக்கு ஒரு சாட்சி போதும் என்று விட்டால், நான் இத்தனை வருஷம் மற்றவர்களை அலைய விட்டதற்கு அர்த்தமே இல்லை. நீ சொல்வது சரியாக இருந்தால் இன்னும் சில மாதம் கழித்தும் சரியாகத்தான் இருக்கும்.

கழுத்துவலி பற்றிக் கேட்டிருந்தாய். சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்தால் போதும் என்றுதான் டாக்டர் எப்போதும் சொல்வார்.

வெயில் தொடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையானால் வேலையே இல்லாவிட்டாலும் அலுவலகம் போய்விடுகிறேன். காவலாளி கதவைத் திறந்தபடி, "வீட்ல விருந்தாளியாம்மா?" என்றார். மின்விசிறி போடச் சொன்னேன்.

சரியான நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

•

ஜூன் 8

அக்காவுக்கு,

நலம்.

நட்சத்திரம் சூரியனுக்குப் பின்னால் போய்விட்டது. ஆகஸ்ட் கடைசிவரை பார்க்க முடியாது. நீ கேட்டபடி என் அளவீடுகளை இன்னொரு கண்டத்தில் இருக்கும் வானாய்வகத்துக்கு அனுப்பிவிட்டேன். அங்கே இதே வகை நட்சத்திரங்களைப் பார்க்கும் ஒரு பெண் இருக்கிறார். அவரிடம் பழைய பதிவுகளும் உண்டாம். பதில் வர நாளாகும்.

பல்லியின் கண்ணாடி உடைந்துவிட்டது. அடுத்த வாரம் உங்கள் ஊருக்கு வருகிறார். அத்தான் கடை விலாசம் கொடுத்திருக்கிறேன். பணம் வாங்க வேண்டாம் என்று அத்தானிடம் சொல்லாதே, வாங்க மாட்டார் என்று தெரியும்.

உன் தம்பி

•

ஜூன் 23

அன்புள்ள கோட்டானுக்கு,

உன் பல்லி அலுவலகத்துக்கு வந்திருந்தார். இதை நானே பார்த்தேன். நல்ல மனிதர். நாற்காலியைக் காட்டினால் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தார். தேநீர் குடித்தார். கண்ணாடியை வேறு கடையில் மாற்றிக்கொண்டதாகச் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இருவரும் மழையைப் பற்றிப் பேசினோம்.

புறப்படும்போது வாசல்வரை போனவர் திரும்பி வந்து, "ஒங்க தம்பி அங்க நல்லா இருக்காரும்மா. மத்தவங்கள நல்லா பாத்துக்குவாரு" என்றார். அதை ஏன் சொன்னார் என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

உன் கடிதம் சின்னதாக இருந்தது. கோபம் இருந்தால் நீளமாக எழுது. அப்போதுதான் எனக்குப் படிக்க ஏதாவது இருக்கும்.

தெரியாமல் இருப்பது: இன்னொரு கண்டத்துப் பெண்ணின் பதில்.

உன் அக்கா

•

செப்டம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வழக்கப்படியே தொடங்குகிறேன். உறுதியானது: என் நட்சத்திரத்துக்குத் துணை இல்லை. சொன்னவர் அந்தப் பெண், ஆறு வருஷப் பதிவுகளை வைத்து. அதில் போன குளிர்காலமும் அடக்கம். கோடு நகரவே இல்லை. ஆடாமல் அசையாமல் அப்படியே நிற்கிறது.

முதலில் அவர்மேல்தான் கோபம் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன். தவறு என்னுடையது. எப்படி என்று சொல்கிறேன், நீ எழுதும்போது இதையும் எழுது.

பூமி சூரியனைச் சுற்றுகிறது இல்லையா. அதனால் பாதி வருஷம் நாம் அந்த நட்சத்திரத்தை நெருங்குகிறோம், மீதி பாதி விலகுகிறோம். ஓடும் பஸ்ஸிலிருந்து பார்த்தால் மரம் ஓடுவது போல, நாம் நகர்வது நட்சத்திரம் நகர்வதாகத் தெரியும். அதனால் நம் ஓட்டத்தைக் கழித்துவிட்டுத்தான் கோட்டை அளக்க வேண்டும். பழைய கருவியில் எட்டு வருஷம் கையாலேயே கழித்தேன். புதுக் கருவி தானாகவே கழித்துவிட்டுத்தான் கொடுக்கிறது. குறிப்பில் போட்டிருந்தது. நான் பழக்கதோஷத்தில் இன்னொரு முறை கழித்தேன். ஒரு தடவை கழித்தால் சரி, இரண்டு தடவை கழித்ததால் இல்லாத ஆட்டம் வந்தது. பதின்மூன்று மாதம் என்றேன், உண்மையில் பன்னிரண்டு. நான் கண்டுபிடித்த துணை வேறு யாருமில்லை, நம் பூமியேதான்.

பல்லியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நம்மதான் அதச் சுத்தி அலைஞ்சிருக்கோம்" என்றார்.

நீ அன்று மறுத்திராவிட்டால் இது உன் பெயரோடு அச்சில் வந்திருக்கும்.

அந்தப் பெண் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறார். இது முன்பு இரண்டாக இருந்திருக்கலாம் என்று. இரண்டு நட்சத்திரங்கள் நெருங்கி நெருங்கிச் சுற்றி ஒன்றோடு ஒன்று கலந்துவிட்டால், அப்போது சிதறியது இப்படித் தட்டாக நின்றுவிடுமாம். பார்க்கிறவர்களுக்கு ஒற்றை நட்சத்திரம்தான் தெரியும். தூசிதான் தடயம். கலந்தது உண்மையானால் அதில் பலமான காந்தப்புலம் இருக்க வேண்டும், இருந்தால் கோடுகள் பிளந்து தெரியும். நவம்பரில் அவர்களுடைய பெரிய தொலைநோக்கியில் பார்க்கிறார்கள், இருபதாம் தேதிக்குள் பதில் சொல்கிறாராம்.

இன்னொன்று. ஜூனில் பல்லி திரும்பி வந்து, அத்தான் கடை இருந்த இடத்தில் செருப்புக் கடை இருக்கிறது என்றார். நான் உன்னிடம் கேட்கவில்லை. ஜனவரியிலிருந்து வந்த உன் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். நீ ஒரு பொய்கூட எழுதவில்லை. அத்தானைப் பற்றி ஒரு செய்திகூட எழுதவில்லை.

என்னிடம் ஒரு சாட்சிதான் இருக்கிறது. இரண்டாவதற்காகக் காத்திருக்கிறேன்.

உன் தம்பி

•

செப்டம்பர் 29

அன்புள்ள தம்பிக்கு,

உறுதியானது: உன் அத்தான் ஜனவரி முதல் வாரத்தில் வீட்டை விட்டுப் போனார். சொல்பவர் நான்.

சண்டை இல்லை. காலையில் என் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மேசைமேல் வைத்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து தினமும் செய்கிற வேலை அது. பிறகு "நான் போறேன்" என்றார்.

"எங்க?"

"பாத்தியா. அதுக்குள்ள கேள்வி."

"கேக்காம எப்படித் தெரிஞ்சிக்கிறது?"

"எங்க, எப்போ, யார் சொன்னா. வீட்டுக்குள்ளயும் நிருபர்தான் நீ. ஏன் மொகம் வாடிருக்குன்னு ஒரு தடவ கேட்டிருக்கியா?"

ஏன் என்பதும் கேள்விதானே என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பெட்டியை மூடினார். ஒருவருக்கொருவர் சிரிக்கத் தெரிந்த மனிதர்கள் பிரிய மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். அது தவறு.

கடற்கரை ஊர் ஒன்றில் கடை போட்டிருக்கிறார். வேறு யாரும் இல்லை என்றார். நான் விசாரிக்கவில்லை. என் வாழ்க்கையில் விசாரிக்காமல் விட்டது அது ஒன்றைத்தான்.

உனக்கு ஏன் எழுதவில்லை? திரும்பி வரக்கூடும் என்று ஒரு பக்கம் தோன்றிக்கொண்டே இருந்தது. வந்துவிட்டால் தவறான செய்தி கொடுத்தவள் ஆவேன். உறுதியாகட்டும், எழுதுவோம் என்று இருந்தேன். ஏப்ரலில் ஆள் அனுப்பிக் கடைச் சாமானையெல்லாம் எடுத்துக்கொண்டபோது உறுதியானது. அதற்குப் பிறகும் எழுதவில்லை. நீ ஒவ்வொரு கடிதத்திலும் அத்தானை விசாரித்துக்கொண்டிருந்தாய். உன் கடிதத்தில் மட்டும் அவர் இன்னும் இந்த வீட்டில் இருந்தார்.

கண்ணாடியை நானே துடைக்கப் பழகவில்லை. எப்போதாவது முந்தானையில் தேய்த்துக்கொள்கிறேன், இன்னும் மோசமாகிறது. சாயங்காலங்களில் விளக்குகளெல்லாம் மங்கலாக, சுற்றிலும் வளையத்தோடு தெரிகின்றன. உன் நட்சத்திரத்தோடு என்னை ஒப்பிட்டு ஏதாவது எழுதினாயோ, அடுத்த கடிதத்தைப் பிரிக்க மாட்டேன்.

உன் அக்கா

•

அக்டோபர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

ஒப்பிட மாட்டேன். பிரித்துப் படி.

உன் கடிதம் வந்த நாள் வேலைக்குப் போகவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. அத்தான் தேய்த்த கண்ணாடியை எடுத்துத் துணியில் சுற்றி அலமாரிக்கு அடியில் வைத்தேன். சாயங்காலம் மறுபடி எடுத்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அது நல்ல கண்ணாடி, அக்கா. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

துணை உண்டு என்று எழுதிக் குழுவுக்குக் கொடுத்திருந்த கட்டுரையை நானே திரும்ப வாங்கிக்கொண்டேன். வானாய்வக இயக்குநர், "குழு முடியறவரைக்கும் பொறுத்திருக்கலாமே" என்றார். முடியாது என்றேன். எப்படித் தவறினேன் என்று இரண்டு பக்கம் எழுதி அதையும் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். புதுக் கருவியில் வேறு யாரும் இரண்டு தடவை கழித்துவிடக் கூடாது. குழு நவம்பர் இருபத்தாறாம் தேதி கூடுகிறது, நீட்டிப்பு கிடைக்குமா என்று தெரியவில்லை. இந்த மலையை விட்டால் எனக்குப் போக இடம் எதுவும் தோன்றவில்லை, அது மட்டும் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

நவம்பர் கடைசியில் விருந்தினர் அறை காலியாக இருக்கும். ஜன்னல் இரண்டு, ஒன்று மூடாது. கட்டில் கிரீச்சிடும். சமையல்காரர் எதைச் செய்தாலும் உப்பு குறைவு. இதெல்லாம் உறுதியான செய்தி, பல்லியும் சாட்சி சொல்வார். வா. உன்னிடம் எந்தக் கேள்வியும் கேட்க மாட்டேன். நீ எவ்வளவு வேண்டுமானாலும் கேள்.

உன் தம்பி

•

நவம்பர் 4

அன்புள்ள கோட்டானுக்கு,

உறுதியானது: உன் நட்சத்திரம் இன்று அச்சில் வந்துவிட்டது. ஆதாரம், இதோடு வைத்திருக்கும் பக்கம். தலைப்பு: ‘தூசிக்கு நடுவே ஒற்றை நட்சத்திரம்: துணை இல்லை என உறுதி.’ இரண்டு வானாய்வகங்கள், இரண்டு கருவிகள், இரண்டு பெயர்கள். நீ இரண்டு தடவை கழித்ததும் நீ சொன்னபடியே இருக்கிறது. கத்தரி முழுக்கப் படித்தார், ஒரு வரிகூட வெட்டவில்லை. "தப்ப ஒத்துக்கிட்ட எடத்த எப்படிக்கா வெட்டுறது? அதான செய்தியே" என்றார்.

உன் குழுவில் யார் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அதற்காகப் போடவும் இல்லை.

இன்று காலை பின்ஜன்னல் கறையைச் சுரண்டலாம் என்று கத்தி எடுத்தேன். விளிம்பில் ஒரு ஓரம் சுரண்டியதும் மரம் தெரிந்தது. கத்தியை வைத்துவிட்டேன். கறை இருக்கட்டும்.

சுவரோரமாக நடக்கும் நண்பரிடம் என் விசாரிப்பைச் சொல். ஜூனில் அவர் சொல்லாமல் விட்டதற்கு நன்றி என்றும் சொல், அவருக்குப் புரியும்.

இன்னும் தெரியாமல் இருப்பவை:

கோடு பிளந்து தெரிகிறதா, அந்த நட்சத்திரம் ஒரு காலத்தில் இரண்டாக இருந்ததா என்பது. அந்தப் பெண்ணிடமிருந்து இருபதாம் தேதிக்குள் பதில் வரும் என்றாய்.

உன் நீட்டிப்பு. குழு இருபத்தாறாம் தேதி கூடுகிறது. கிடைக்காவிட்டால் போக இடமில்லை என்று எழுதியிருந்தாய். அது தவறான செய்தி. பின்ஜன்னல் அறை காலியாக இருக்கிறது.

நான் வருவது. விடுப்பில் ஆசிரியர் கையெழுத்துப் போட்டுவிட்டார். இருபத்து நான்காம் தேதி, வெளிச்சம் இருக்கும்போதே மலை அடிவாரத்துக்குப் பேருந்து வரும் என்கிறார்கள். இதற்கு இப்போதைக்கு ஒரே சாட்சி நான்தான். இரண்டாவது சாட்சியாக நீ அங்கே வந்து நில்.

உன் அக்கா